83 வெற்றி போதவில்லை

எல்லோருக்கும் வணக்கம். விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். 2025 செப்டம்பர் 28-ஐ விட்டால் என் மனதில் வேறு எதுவும் இல்லை, அதனால் அதையே பேசுகிறேன். நியூயார்க் மெட்ஸ் என்ற பேஸ்பால் அணி பிளேஆஃப் வாய்ப்பை, அதாவது பட்டத்துக்கான இறுதிச் சுற்றுகளில் ஆடும் வாய்ப்பை, கோட்டைவிட்ட நாள் அது.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள், கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 30 அணிகள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டம். அதாவது அனேகமாக தினமும் ஆட்டம் உண்டு. ஆபீஸ் விட்டு வந்து சமைக்கும்போதும் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போதும் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கிரிக்கெட் தொடரில் தோற்றால் ஒரு வாரம் வருத்தம், அப்புறம் வேறு தொடர் வந்துவிடும். இங்கே அப்படியில்லை, ஆறு மாதம் ஒரே அணியோடு குடித்தனம் நடத்துகிறோம். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு 12 அணிகள்தான் பிளேஆஃப் போகும், இரண்டு லீக், லீக்குக்கு ஆறு. மூன்று பிரிவு வெற்றியாளர்கள், மூன்று வைல்ட் கார்டு, அதாவது மீதி அணிகளில் அதிகம் ஜெயித்த மூன்று. மெட்ஸ் போராடியது அந்தக் கடைசி வைல்ட் கார்டுக்கு.

மயாமியில் மார்லின்ஸோடு கடைசி ஆட்டம். சின்சினாட்டி ரெட்ஸும் அதே இடத்துக்குப் போட்டி. அன்று மில்வாக்கியில் ரெட்ஸ் தோற்றுவிட்டது, ஆக மெட்ஸ் ஜெயித்தால் போதும், உள்ளே. ஜெயிக்கவில்லை. 4-0. ஒரு ரன்கூட எடுக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் ஓடித் தொட வேண்டிய மூன்று பேஸிலும் எங்கள் ஆள் நிற்க, மெட்ஸின் பீட் அலோன்சோ மணிக்கு 115 மைலுக்கும் அதிக வேகத்தில் ஒரு பந்தை விளாசினார். நேராக லெஃப்ட் ஃபீல்டர் கைக்குள் போனது. இரண்டு பக்கம் எங்கே தள்ளிப் போயிருந்தாலும் ரன் வந்திருக்கும். கடைசியில் எங்கள் இன்னொரு நட்சத்திரம் லிண்டோர் அடித்த பந்தில் டபுள் பிளே, ஒரே பந்தில் இருவர் அவுட்டாக ஆட்டமும் முடிந்தது, வருடமும் முடிந்தது.

மெட்ஸ், ரெட்ஸ் இரண்டுக்கும் 83 வெற்றி, 79 தோல்வி. சமம். 2021 வரை இப்படிச் சமமாக முடிந்தால் 163-வது ஆட்டம் ஒன்று வைத்து முடிவு செய்வார்கள். 2022-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள், இருவரும் தங்களுக்குள் ஆடியதில் யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களுக்கே இடம். ஆறு ஆட்டத்தில் ரெட்ஸ் நான்கு ஜெயித்திருந்தது. விதி விதிதான், அதில் எனக்குக் குறையில்லை, ஆனால் அந்த 163-வது ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆறு மாத உழைப்பு சமமாக முடிந்தால் அதை மைதானத்தில்தான் தீர்க்க வேண்டும்.

சரி, என் மனதைக் குடைவது வேறொன்று. எந்த ஆட்டத்தில் இது கைநழுவியது என்று என்னால் விரல்நீட்டிச் சொல்ல முடியவில்லை.

2007-ல் அப்படிச் சொல்ல முடிந்தது. அந்த வருடம் 17 ஆட்டம் மீதமிருக்க மெட்ஸ் ஏழு ஆட்டம் முன்னிலையில் இருந்தது, எல்லாவற்றையும் தொலைத்து, கடைசி நாளில் இதே மார்லின்ஸோடு டாம் கிளாவின் பந்து வீச வந்தார். அதே ஆகஸ்ட்டில்தான் தன் 300-வது வெற்றியை எடுத்த மாபெரும் பிட்சர். முதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் ஏழு ரன் அவர் கணக்கில் ஏறிவிட்டது. 2008-லும் கடைசி நாள், மறுபடியும் மார்லின்ஸ், அதுவும் எங்கள் பழைய சொந்த மைதானமான ஷேயின் கடைசி ஆட்டம். வலித்தது, ஆனால் இந்த ஆட்டம், இந்த இன்னிங்ஸ் என்று சொல்லிக் கோபப்பட ஓர் இடம் இருந்தது.

2025-ல் அந்த இடம் இல்லை. ஜூன் 12 அன்று மெட்ஸ் 45 வெற்றி, 24 தோல்வி. மொத்த பேஸ்பாலிலும் அதுதான் முதலிடம். அன்றைய ஆட்டத்திலேயே கோடாய் செங்கா, அதுவரை சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்றரை ரன்கூடக் கொடுக்காத பிட்சர், அடித்தவர் வருமுன் முதல் பேஸைத் தொட ஓடினார், அலோன்சோவின் எறி கொஞ்சம் உயரமாக வந்தது, எம்பிப் பிடித்தார், தொடைத் தசை பிடித்துக்கொண்டது. ஜூலையில் திரும்பினார், ஆனால் பழைய செங்கா திரும்பவில்லை, செப்டம்பரில் மைனர் லீக்குக்கே போக வேண்டியதாயிற்று. ஜூன் 12-க்குப் பிறகு அணியின் கணக்கு 38 வெற்றி, 55 தோல்வி. அந்த 55-ல் ஒன்றே ஒன்று மாறியிருந்தால் போதும். ஒன்று! செப்டம்பரில் மட்டும் தொடர்ந்து எட்டுத் தோல்வி. அதில் ஒன்றா? சின்சினாட்டியில் மூன்றில் இரண்டு தோற்றோமே, அதில் ஒன்றா? அந்த வருடம் 90-க்கு மேல் தோற்ற வாஷிங்டன் நேஷனல்ஸிடம் செப்டம்பர் 21-ல் சொந்த மண்ணில் தோற்றோமே, அதுவா?

அடிக்கிறவர்கள் சரியில்லை என்று சொல்லவும் வழியில்லை. 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து எடுத்த ஹுவான் சோட்டோ 43 ஹோம் ரன் அடித்தார், 38 பேஸ் திருடினார். லிண்டோர் 31 ஹோம் ரன், 31 ஸ்டீல். அலோன்சோ 162 ஆட்டமும் ஆடி 38 ஹோம் ரன், 126 ரன் சேர்த்துக் கொடுத்தார். இந்த மூவர் இருந்தும் வேறொரு கணக்கு இருக்கிறது, கேளுங்கள்: ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த 70 ஆட்டத்தில் ஒன்றைக்கூட மெட்ஸ் ஜெயிக்கவில்லை. எழுபதுக்கு சைபர். கடைசி இன்னிங்ஸில் ஒரே ஒரு தடவை எழுந்து வந்திருந்தால் பிளேஆஃப் நடக்கும் அக்டோபர் நமதாகியிருக்கும். 2024-ல் இதே அணி அட்லாண்டாவில் ஒன்பதாவது இன்னிங்ஸில் லிண்டோர் அடித்த ஹோம் ரன்னால்தானே உள்ளே போனது, அப்புறம் மில்வாக்கியில் கடைசி இன்னிங்ஸில் அலோன்சோவின் மூன்று ரன் ஹோம் ரன்னால்தானே அடுத்த சுற்றுக்கே போனது!

என்னைக் கேட்டால் பிட்சிங்தான் காரணம், அதிலும் தாமதம். நோலன் மெக்லீன் என்ற புதுப் பையன் ஆகஸ்ட் நடுவில் வந்து முதல் நான்கு ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தான். மொத்தம் எட்டு ஆட்டத்தைத் தொடங்கி வீசினான். அவனை ஜூலையிலேயே கொண்டுவந்திருக்க வேண்டும். வளர்கிற பையனை அவசரப்படுத்தக் கூடாது என்று நிர்வாகம் நினைத்திருக்கலாம், அது நியாயமும்தான். ஆனால் ஒரே ஒரு வெற்றி குறைந்த வருடத்தில் ஒரு மாதத் தாமதம் என்பது எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது.

அணியின் உரிமையாளர் ஸ்டீவ் கோஹன் ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதை நான் மதிக்கிறேன், பலர் கேட்பதில்லை. ஆனாலும் டிசம்பரில் வந்த செய்தி மயாமியைவிட அதிகமாக வலித்தது. அலோன்சோ பால்டிமோருக்குப் போய்விட்டார். மெட்ஸ் எடுத்து வளர்த்த பையன், 2019-ல் அறிமுக வருடத்திலேயே 53 ஹோம் ரன், மெட்ஸ் வரலாற்றிலேயே அதிகமாக 264. பிளேஆஃபில் முதல் சுற்றைத் தாண்டியிருந்தால் எங்கள் மைதானம் இருக்கும் க்வீன்ஸில் அவரை இன்னொரு தடவை பார்த்திருப்போம், எழுந்து நின்று கத்தியிருப்போம். நேஷனல்ஸிடம் தோற்ற அந்த செப்டம்பர் 21 ஆட்டம்தான் எங்கள் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டில் மெட்ஸ் சட்டையில் அவருக்குக் கடைசி ஆட்டம். மைதானத்தில் இருந்த யாருக்கும் அது தெரியாது. ஒழுங்கான ஒரு வழியனுப்புகூட இல்லாமல் போனதை மட்டும் இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.