84 சதவீதத் தேர்ச்சியா, 100 சதவீதமா?

அடுத்த கேள்வி. ஒரு பேரூராட்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 84 சதவீதம்தான். வேன் அனுப்பும் தனியார் பள்ளியில் 100. அரசுப் பள்ளியில் பிள்ளைகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். எதை நம்புவது?"

சரிம்மா, முதலில் அந்த 84-ஐப் பிரித்துப் பாருங்கள். 25 பேர் எழுதி 4 பேர் தவறினாலே 84 வந்துவிடும். அந்த நாலு பேர் யார் என்று விசாரியுங்கள். பாதி நாள் வேலைக்குப் போகிற பையன் ஒருவன் இருப்பான். ஒன்பதாம் வகுப்போடு வேறொரு பள்ளி டிசியைக் கையில் கொடுத்து அனுப்பிய பிள்ளையும் இருக்கலாம். எல்லாத் தனியார் பள்ளியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 100 என்று பேனர் கட்டிய பள்ளியில் ஒன்றைக் கேளுங்கள்: ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள்?

எனக்குக் கவலை, எண்ணிக்கை குறைவதில்தான். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள பிள்ளைகளை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். குறைந்தால் ஒருவர் 'உபரி'. பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். போகிறவர் கணக்கு ஆசிரியர் என்றால், அறிவியல் டீச்சர்தான் கணக்கையும் இழுத்துக்கொண்டு போவார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் டிசி வாங்குவார்கள். அதனால் ஒரு நாள் நேரில் போங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மை கடைசியாக எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் ஒன்று. இதைப் பலர் ஒன்பதாம் வகுப்பில் வந்து கேட்கிறார்கள், அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியலுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. எட்டு வரை ஆர்டிஇ சீட்டில், அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் இலவச இடத்தில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பணம் கட்டித் தனியாரில் எட்டு வரை படித்துவிட்டு வந்தால் கிடைக்காது.

கணக்குக்கு ஆள் இருந்தால் நான் தயங்காமல் சேர்ப்பேன். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போங்கள். அதில் பெற்றோர்தான் அதிகம், தலைவரும் ஒரு தாய்தான். கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.