இராமநாதபுரம் கடற்கரையில் வசந்தம்: மனதுக்கு என்ன செய்யலாம்?

[காட்சி: பாம்பன் சாலைப் பாலத்தின் மேலிருந்து இருபுறமும் கடல்]

வசந்தகாலத்தில் மனதைப் புதுப்பிப்பது எப்படி என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். கம்பளியை மடித்து வையுங்கள், ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விடுங்கள் என்பார்கள். பங்குனி வெயிலை வீட்டுக்குள் அழைக்கும் ஆளை இராமநாதபுரத்தில் நான் பார்த்ததில்லை.

அந்த அறிவுரை பிறந்த ஊர்களில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. லண்டனில் டிசம்பர் மாதப் பகல் எட்டு மணி நேரம்கூட நீடிக்காது. ஜூனில் பதினாறு மணி நேரத்தைத் தாண்டும். குளிர்கால வெளிச்சக் குறைவால் மனச்சோர்வுக்கு ஆளாகிறவர்கள் அங்கே உண்டு. நம் மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்பது டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணி நேரம்தான் வித்தியாசம்.

[காட்சி: கரையில் வரிசையாக நிற்கும் விசைப்படகுகள்]

நமக்கு மாறுவது காற்றும் வேலையும். வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இன்னும் வீசத் தொடங்கவில்லை. வெயில் மட்டும் நாளுக்கு நாள் ஏறுகிறது. ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள்கள். ஆகவே இந்தக் கரையில் இரண்டு கேள்விகள்தான் முக்கியம். வெப்பத்தில் எப்படித் தூங்குவது? திடீரென்று கையில் வந்து விழும் வெறும் நேரத்தை என்ன செய்வது?

தூக்கத்துக்கான வேலை காலையிலேயே தொடங்குகிறது. கண்ணில் படும் காலை வெளிச்சம், மூளையில் உள்ள உடல் கடிகாரத்துக்கு ‘பொழுது விடிந்தது’ என்று தகவல் சொல்கிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு அப்போது அடங்கி, இரவில் சரியான நேரத்தில் மீண்டும் கூடுகிறது. வீட்டுக்குள் எரியும் ட்யூப் லைட்டின் வெளிச்சத்தைவிட, காலையில் மர நிழலில் கிடைக்கும் வெளிச்சமே பல மடங்கு அதிகம். ஆகவே ஆறரை மணிக்கு ஒரு நடை போய்வாருங்கள். காரணம் வேண்டுமென்றால் பதநீர் வாங்கப் போங்கள். சாயல்குடிப் பக்கம் பனைக்கா பஞ்சம்? வெயில் ஏறினால் பதநீர் புளிக்கத் தொடங்கிவிடும் என்பதால் சீக்கிரம் எழுந்துதான் ஆக வேண்டும். பதநீர் மனக்கவலையைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. அதை வாங்க நடந்த நடைக்குத்தான் பலன்.

இரவில் உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைந்தால்தான் தூக்கம் பிடிக்கும். மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளியுங்கள் என்று சொல்லலாம். குடக்கணக்கில் தண்ணீர் வாங்கும் தெருவில் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு காற்று வரும் இடத்தில் உட்காருங்கள், போதும். மது குடித்தால் தூக்கம் வருமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வரும், ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும்.

[காட்சி: கொட்டகை நிழலில் வலை சரிசெய்யும் நால்வர்]

இனி தடைக்காலம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது விடுமுறை போலத் தெரியும். கடலுக்குப் போகிறவருக்கு வருமானம் நின்ற நாள்கள் அவை. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், நகைக்கடன் எல்லாம் மனதில் சுற்றிச் சுற்றி வரும். ‘கவலைப்படாதே’ என்று சொல்வதால் எந்தக் கவலையும் நின்றதில்லை. மனநல ஆலோசகர்கள் வேறொரு வழி சொல்கிறார்கள்: கவலைக்கென்று தினமும் நேரம் ஒதுக்குங்கள். மாலை ஐந்து மணிக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும் என்று தாளில் எழுதுங்கள். நாளை செய்யக்கூடியது ஒன்று இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அதே எண்ணம் வந்தால் ‘ஐந்து மணிக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுங்கள். முதல் சில நாள்கள் மனம் கேட்காது. விடாமல் செய்தால் பழகும்.

‘மனசு சரியாகட்டும், பிறகு வேலையைப் பார்க்கலாம்’ என்று காத்திருப்பதும் வேண்டாம். பெரும்பாலும் வேலையில் இறங்கிய பிறகுதான் மனம் இளகுகிறது. வலை சரிசெய்வது, படகுக்கு வண்ணம் அடிப்பது போன்றவற்றைத் தனியாகச் செய்யாமல் நாலு பேரோடு உட்கார்ந்து செய்யுங்கள். முகத்துக்கு நேரே பேசத் தயங்கும் ஆண்கள், கண்ணி போடும் கையைப் பார்த்துக்கொண்டே எதையும் பேசிவிடுவார்கள். ‘என்ன மாப்பிள்ளை, ஆளையே காணோம்?’ என்று ஒருவர் கேட்பது பல நேரங்களில் பேச்சுக்குப் போதுமான தொடக்கம்.

வீட்டுப் பெண்களுக்கு இந்தக் காலத்தில் வேலை கூடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்கள் நாள் முழுக்க வீட்டில். அடுப்பு அணைவதே இல்லை. தினமும் ஒரு வேளைச் சமையல் பாத்திரங்களை ஆண்கள் கழுவினால், அந்த வீட்டின் மனநலத்துக்கு அது நான் சொன்ன எல்லாவற்றையும்விட உதவும்.

[காட்சி: திரையில் எண் 14416]

பழக்கங்களால் ஆகாத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். இந்தக் கரைக்கு இதில் ஒரு பழைய காயம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்தில் இருக்கும் அம்மாவோ மனைவியோ நண்பரோ அழைத்து, என்ன செய்வது என்று கேட்கலாம்.