கடற்பாலம் தாண்டி வரும் விருந்தாளி

(சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளியே மழை வேறு. அதையும் மீறிப் பயணத்துறைக் கொள்கை பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், நன்றி. உங்களில் பலருக்குக் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் அத்தையோ சித்தப்பாவோ இருப்பார்கள். அதனால் நான் பேசப்போவது உங்கள் வீட்டு விஷயமும்கூட.

நான் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களைத்தான் அதிகம் அழைத்துச் செல்கிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பத்தோடு சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். அந்த அம்மா ஒரு சங்கிலி வாங்கினார். கடைப்பெண் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை வாங்கி, கணினியில் தட்டி, பொருள் சேவை வரியை விமான நிலையத்தில் திரும்பப் பெறுவதற்கான சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

பக்கத்தில் ஓர் அக்கா நின்றிருந்தார். ஜொகூரில் இருக்கும் மாசாய்க்காரர். மகளுக்குக் கல்யாணம். கிட்டத்தட்ட அதே எடையில் ஒரு சங்கிலியை எடுத்து வைத்திருந்தார். அவரும் தன் சிவப்பு மலேசியக் கடப்பிதழை நீட்டினார். "ஃபிளைட்டா ஆன்ட்டி, பஸ்ஸா?" என்று கேட்டார் கடைப்பெண். "170 பஸ்தான்மா." "சாரி ஆன்ட்டி, தரைவழியாப் போனா வரி திரும்பக் கிடைக்காது." அக்கா கடப்பிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அப்போ நான் டூரிஸ்ட் இல்லையா தம்பி?" என்றார்.

கடைப்பெண் சொன்னதில் தப்பில்லை, விதி அப்படித்தான் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள நகைக்கு 9 விழுக்காடு வரி என்றால் 135 வெள்ளி. கையாளும் கட்டணம் போக மீதி விமானத்தில் போகிறவருக்குத் திரும்பக் கிடைக்கும், பேருந்தில் போகிறவருக்குக் கிடைக்காது. ஆனால் அந்த அக்கா கேட்ட கேள்வி வரியோடு முடிகிற கேள்வி இல்லை.

2024-இல் சிங்கப்பூருக்கு 16.5 மில்லியன் வருகையாளர்கள் வந்தார்கள் என்று செய்தியில் படித்திருப்பீர்கள். பயணத்துறை வருமானம் 29.8 பில்லியன் வெள்ளி, அதுவரை இல்லாத உச்சம். சரி, அந்த 16.5 மில்லியனில் மாசாய் அக்கா இருக்கிறாரா? இல்லை. தரைவழியாக வரும் மலேசியக் குடிமக்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரே சிலாங்கூரிலிருந்து விமானத்தில் வந்திருந்தால் கணக்கில் ஏறியிருப்பார். காரணம் இல்லாமல் இல்லை. கடற்பாலத்தில் தினமும் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார்சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்களைச் சுற்றுப்பயணிகள் என்று எழுத முடியாது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் வேலைக்கு வருகிறவரையும் விருந்துக்கு வருகிறவரையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டால், விருந்துக்கு வருகிறவருக்காகத் திட்டம் போடுவது யார்? கணக்கில் வராதவருக்கு நிதி ஒதுக்குவது எந்த அமைச்சுக்கும் கஷ்டம்.

எல்லை ஏற்பாடுகள் மாறினால் என்ன ஆகும் என்பதை நம் தலைமுறை கண்ணால் பார்த்தது. கொவிட் பரவியபோது, 2020 மார்ச் 18 அன்று மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது, கடற்பாலம் வெறிச்சோடியது. 2019-இல் 19.1 மில்லியனாக இருந்த வருகை 2021-இல் மூன்று லட்சத்து முப்பதாயிரமாகச் சுருங்கியது. என்னைப் போன்ற சுயதொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதம் ஆயிரம் வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்குக் கொடுத்தது. மே, ஜூலை, அக்டோபரில் மூவாயிரம் மூவாயிரமாக வந்தது. அந்தப் பணத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது, அதை நான் மறக்க மாட்டேன். பிறகு உள்ளூர்ச் சுற்றுலாவுக்காக 18 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொரு சிங்கப்பூரருக்கும் 100 வெள்ளிப் பற்றுச்சீட்டு வந்தது, மொத்தம் 320 மில்லியன் வெள்ளி. ஹாங்காங்கோடு பேசிய விமானப் பயண ஏற்பாடு 2020 நவம்பரில் தொடங்குவதாக இருந்து கடைசி நேரத்தில் தள்ளிப்போனது, மறுபடி 2021 மே மாதத்தில் தள்ளிப்போனது, பிறகு கைவிடப்பட்டது. 2021 நவம்பர் 29-இல்தான் கடற்பாலத்தில் பேருந்துகள் ஓடின. தடுப்பூசி போட்டவர்கள், ஒரு திசைக்கு நாளொன்றுக்கு 1,440 பேர். அன்று இந்தப் பக்க எல்லையான உட்லண்ட்ஸில் இறங்கிய ஆண்பிள்ளைகளும் அழுதார்கள். இரண்டு வருஷம் அம்மா முகத்தைப் பார்க்காதவர்கள் அவர்கள்.

அந்த இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். நிதி ஒரு தொழிலைச் சாகாமல் காப்பாற்றும். ஆனால் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது கதவு.

சீனாவைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 9 முதல் இரு நாட்டவரும் 30 நாள் விசா இல்லாமல் போய்வரலாம் என்றானது. 2023-இல் 1.36 மில்லியனாக இருந்த சீன வருகையாளர்கள் 2024-இல் 3.08 மில்லியன் ஆனார்கள். விமானச் சேவைகள் திரும்பியதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. இருந்தாலும் கதவு திறந்ததன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தியாவிலிருந்து 2024-இல் 1.2 மில்லியன் பேர் வந்தார்கள், நாடுவாரியாக மூன்றாவது இடம். அவர்களுக்கு இன்னும் விசா வேண்டும். தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா டிசம்பரிலும் இந்தியர்களுக்கு விசாவை விலக்கின. அதற்கப்புறம் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், கோலாலம்பூர் மட்டும் போதுமா, சிங்கப்பூரையும் சேர்க்கணுமா?" என்பதுதான். பாட்டி, பேரப்பிள்ளைகளோடு எட்டுப் பேர் கிளம்பும் குடும்பத்துக்கு எட்டு விண்ணப்பம் ஒரு பெரிய வேலை. விசாவை நீக்குவதற்கு வேறு கணக்குகள் உண்டு, அதை முடிவு செய்யும் இடத்தில் நான் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது, உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

இப்போது பெரிய கதவுக்கு வருகிறேன். இங்கே உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் அங்கே ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே, எல்லை தாண்டும் ஆர்டிஎஸ் ரயில். நாலு கிலோமீட்டர், பயணம் ஐந்து நிமிடம். ஒரு திசைக்கு மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை ஏற்றிச் செல்லும். 2026 முடிவுக்குள் ஓடவிட வேண்டும் என்பது இலக்கு. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும், இறங்கினால் நேரே வெளியே நடக்கலாம். அந்த மாசாய் அக்கா உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கி, தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் ஏறி, ஸ்டீவன்ஸில் டௌன்டௌன் தடத்துக்கு மாறினால், நியூட்டன், அடுத்து லிட்டில் இந்தியா. மேலே ஏறி வந்தால் பஃபலோ ரோட்டில் மல்லிகைப்பூ வாசம். குவீன் ஸ்திரீட் பேருந்து முனையத்தில் இறங்கி வெயிலில் நடந்து வரும் வேலை இல்லை.

இந்த ரயிலைப் பற்றி நம் கடைக்காரர்கள் பேசும்போதெல்லாம் ஒரே பயம்தான். எல்லாரும் ஜேபிக்கு, அதாவது ஜொகூர் பாருவுக்குப் போய்விடுவார்கள், ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது இங்கே யார் வாங்குவார்கள் என்று. அந்தப் பயம் நியாயமானது. அரிசி, எண்ணெய், கார் கழுவுவது, முடி வெட்டுவது இதிலெல்லாம் ஜேபியோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் தண்டவாளத்தில் ரயில் திரும்பியும் வரும் அல்லவா? அங்கிருந்து நம்மிடம் வருகிறவர் விலை பார்த்து வருவதில்லை. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடியோடு நடக்கும் தம்பியைப் பார்க்க வருகிறார். தீபாவளி விளக்கலங்காரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வருகிறார். கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தில் தன் தாத்தா காலத்துப் பொருளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறார். இவர்களுக்காக நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

அரசாங்கத்திடம் பணம் இல்லாமல் இல்லை. 2024-இல் பயணத்துறை மேம்பாட்டு நிதியில் 300 மில்லியன் வெள்ளிக்கு மேல் சேர்த்தார்கள். 2040-க்குள் வருமானத்தை 47 முதல் 50 பில்லியனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பயணத்துறைக் கழகத்தின் திட்டம். எஃப்1 கார் பந்தயத்துக்கு 2028 வரை ஒப்பந்தம் இருக்கிறது, செலவில் 60 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கிறது. நான் அதை எதிர்க்கவில்லை. பந்தய வாரத்தில் ஹோட்டல் வேலைக்காரர்களுக்கு ஓவர்டைம் கிடைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பது சின்னது. உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்குகிறவர் வேலைக்கு வருகிறாரா, உறவைப் பார்க்க வருகிறாரா, சுற்றிப்பார்க்க வருகிறாரா என்று ஒரு மாதிரிக் கணக்கெடுப்பாவது எடுங்கள். அந்தக் கணக்கை வெளியிடுங்கள். வரித் திருப்புதலைத் தரைவழிக்கும் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். வாகன வரிசையில் நகையை எடுத்துக் காட்டச் சொல்ல முடியாது என்பது இத்தனை காலமும் சரியான பதில். நிலையத்துக்குள் வரிசையாக நடந்து போகிறவர்களிடம் அது நடக்கும் என்றே நினைக்கிறேன், விமான நிலையத்தில் நடக்கிறதே. அப்புறம், அந்த நிலையத்தின் வழிகாட்டிப் பலகைகளிலும் வரைபடங்களிலும் தமிழ் இருக்கட்டும். வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு அது வீட்டு மொழி.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பின்வரிசையில் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரியும். தீபாவளிச் சந்தைக்கு ஜொகூரிலிருந்து வருகிறவர் இரவு பத்து மணிக்குக் கையில் இரண்டு பையோடு நிற்கிறார். பையை வைக்க இடமில்லை, உட்காரப் பெஞ்சு இல்லை, கழிவறை எங்கே என்று சொல்ல ஆளில்லை. இதற்கு அமைச்சு வர வேண்டியதில்லை, நாலு கடை சேர்ந்தால் போதும்.

அந்த அக்கா அன்றைக்குச் சங்கிலியை வாங்கிவிட்டார். முழு வரியும் கட்டித்தான். மகளுக்கு அது பிடித்திருந்தது. கோயம்புத்தூர்க் குடும்பத்தைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நான் குவீன் ஸ்திரீட் பக்கம் போனபோது, 170 வரிசையில் அவர் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர். நகைப் பையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மகளிடம் உட்லண்ட்ஸில் கூட்டம் எப்படி என்று போனில் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையசைத்து, "கல்யாணத்துக்கு வந்துரணும் தம்பி, தை மாசம்" என்றார்.

போய்வந்தேன். நன்றி, வணக்கம்.