பக்கத் தையல் இல்லாம எலாஸ்டிக் பைஜாமா: கவட்டையில கவனம் வைங்க

வணக்கம் நண்பர்களே. இன்னிக்கு வீட்டுல போட்டுக்கற பைஜாமா தைக்கலாம். பாக்கெட் கிடையாது, பக்கத் தையலும் கிடையாது, ஒரு காலுக்கு ஒரே பீஸ். சுலபம்தான். ஆனா உட்கார்ந்தா பின்னாடி இறங்குறது, கவட்டையில பிரியறது, இந்த ரெண்டும்தான் தொல்லை. அங்கதான் கொஞ்சம் மெனக்கெடணும்.

துணி 44 பன்னா (அகலம் 44 இஞ்ச்) காட்டன், 2.5 மீட்டர். சீட் (பின்புறச் சுற்றளவு) 40 இஞ்ச், பைஜாமா உயரம் 38 இருக்கறவங்களுக்கு இது சரியா இருக்கும். நனைச்சு, காயவெச்சு, அயர்ன் பண்ணிட்டுத்தான் வெட்டணும். காட்டன் நீளவாக்குல சுருங்கும், தைச்சப்புறம் சுருங்கினா கணுக்காலுக்கு மேல ஏறிடும். உயரம் 33-க்குள்ளன்னா மூட்டாத 2 மீட்டர் கைலி ஒண்ணே போதும், அந்த மெதுவு வேற எதுலயும் வராது.

துணியை நல்ல பக்கம் உள்ள வர்ற மாதிரி, முனையோட முனை சேர்த்து ரெண்டா மடிங்க. அப்பதான் இடது கால், வலது கால் எதிரெதிரா வரும். ஒவ்வொண்ணா ஒரே பக்கம் வெச்சு வெட்டினா ரெண்டும் இடது காலாயிடும், அந்தத் துணி போச்சு. பூ டிசைன்னா இன்னொண்ணு: இப்படி மடிச்சா ஒரு கால்ல பூ தலைகீழா நிக்கும். அதனால மடிப்புல வெட்டிட்டு, மேல இருக்கற துண்டை மட்டும் அப்படியே தலைமாத்தி வெச்சுக்கங்க.

இப்ப நடுவுல நீளவாக்குல நேர்கோடு. இதுதான் காலோட பக்கவாட்டு. கவட்டை இறக்கத்துக்கு, ஸ்டூல்ல நிமிர்ந்து உட்கார்ந்து இடுப்புல இருந்து ஸ்டூல் பலகை வரைக்கும் அளந்து 1 இஞ்ச் கூட்டுங்க. கோட்டுக்கு முன்பக்கம் 12, பின்பக்கம் 12. அதாவது சீட்டுக்கு மேல மொத்தம் 8 இஞ்ச் லூஸ். அதுக்கு அப்புறம் கவட்டை நீட்டம்: முன்னாடி 2.5, பின்னாடி 4.5. பின் நடுவுல மேல 1.5 இஞ்ச் உசத்தி, அதே அளவு உள்ள சாய்ச்சு வளைவைப் போடுங்க. முன்னும் பின்னும் ஒரே மாதிரி வெட்டுறதாலதான் உட்கார்ந்தா பின்னாடி இழுத்து இறங்குது. குனியும்போது துணி தேவைப்படறது பின்னாடிதானே. அடியில கால் சுற்று 20. சுத்தியும் தையலுக்கு அரை இஞ்ச் (இதுதான் பிடிப்பு), மேல மடிக்க 1.75, கீழ 1.5 விடுங்க.

14 நம்பர் ஊசி. முதல்ல ஒவ்வொரு காலா உள்தொடைத் தையல் அடிங்க. கவட்டையை முதல்ல அடிச்சா வளைவு ரெண்டு துண்டா நிக்கும், பலம் வராது. ஒரு காலை நல்ல பக்கம் வெளிய திருப்பி, திருப்பாத காலுக்குள்ள நுழைச்சுடுங்க. ரெண்டு உள்தொடைத் தையலும் சந்திக்கிற இடத்துல குண்டூசி. அங்க பிடிப்பை ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி படிய வைங்க, இல்லேன்னா தடிச்சு ஊசி உடையும். முன் இடுப்புல இருந்து பின் இடுப்பு வரைக்கும் ஒரே ஓட்டம். வளைவுல துணி குறுக்கா இழுபடும், நூல் இழுபடாது. பிரியறது அதனாலதான். தையல் நீளத்தை 2-க்குக் குறைச்சு, துணியை லேசா இழுத்துப் பிடிச்சு அடிங்க. அதை ஒட்டியே பிடிப்புப் பக்கமா இன்னொரு வரி. அப்புறம் வளைவுல மட்டும் பிடிப்பைக் கால் இஞ்சா நறுக்குங்க.

இடுப்புக்கு 1 இஞ்ச் எலாஸ்டிக். இடுப்பு அளவுல 3 இஞ்ச் குறைச்சு, முனைகளைச் சேர்க்க 1 இஞ்ச் கூட்டி வெட்டுங்க. மடிப்பு முதல்ல அரை இஞ்ச், அப்புறம் 1.25. பின்னாடி 2 இஞ்ச் வாய் விட்டு அடிங்க. மடிக்கறதுக்கு முன்னாடியே கவட்டைப் பிடிப்பை ஒரு பக்கமா படிய வெச்சு மேல 3 இஞ்ச் அடிச்சுடுங்க, இல்லேன்னா எலாஸ்டிக் கோக்கற ஊக்கு அங்கயே போய்ச் சிக்கும். எலாஸ்டிக் கோத்து, முறுக்கு இல்லாம பார்த்து முனைகளை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுத் தைச்சு, வாயை மூடுங்க. பின் நடுவுலயும் ரெண்டு பக்கமும் குறுக்கா ஒரு தையல் போட்டா துவைக்கும்போது எலாஸ்டிக் புரளாது.

கீழ் மடிப்பு கடைசியில. போட்டு நின்னு பார்த்து உயரம் முடிவு பண்ணிட்டு அடிங்க.