சுரங்கமா, மண்ணரிப்பா? ஓடை வண்டலைப் பிரித்தறிவது எப்படி

நண்பர்களே, சுரங்கத்துக்குக் கீழே ஓடையில் ஒரு பிடி வண்டலை அள்ளுகிறோம். கிலோவுக்குச் செம்பு இத்தனை மில்லிகிராம் என்று அறிக்கை எழுதுகிறோம். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யார் மேலும் பழி சொல்ல முடியாது. வெப்பமண்டலத்தில் அது நம்மைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

காரணம் மண்தான். நெடுங்கால மழை பாறையைக் கரைத்து, களிமண்ணையும் இரும்பு ஆக்சைடையும் மிச்சம் வைத்திருக்கிறது. அந்தச் செம்மண் உலோகங்களைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் படுகையில் தங்கம் எடுப்போர் விட்ட பாதரசத்தைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். காடு வெட்டிய சரிவுகளில் அரிபட்ட மண்ணும் பாதரசத்தைப் பெருமளவில் கொண்டுவருகிறது என்று பிறகு ஆய்வுகள் காட்டின. இதனால் தங்கக் குழிகள் தப்பிவிடவில்லை. அவையும் கரையைக் குடைந்து அதே மண்ணைத்தான் ஆற்றில் தள்ளுகின்றன.

ஆகவே முதலில் துகளளவைச் சமமாக்குங்கள். நீரோட்டம் தணியும் ஓரங்களில் மேல் 2 செ.மீ. வண்டலைப் பிளாஸ்டிக் கரண்டியால் ஐந்தாறு இடங்களில் எடுத்துக் கலந்து, 63 மைக்ரான் நைலான் சல்லடையில் ஓடைநீரையே ஊற்றிச் சலியுங்கள். பித்தளைச் சல்லடை வேண்டாம், அதிலிருந்தே செம்பு வரும். பாதரசம் பார்ப்பதென்றால் 105 டிகிரி அடுப்பில் உலர்த்தாதீர்கள், ஆவியாகிப் போய்விடும். 40 டிகிரியைத் தாண்டக் கூடாது.

அடுத்து அலுமினியம். வண்டலில் களிமண் எவ்வளவு என்பதை அதுதான் காட்டும், அதனால் செம்பை அதனால் வகுத்துப் பார்க்கிறோம். மேலோடையில் செம்பு 30 மி.கி., அலுமினியம் 5 சதவீதம். கீழே செம்பு 60, அலுமினியம் 10 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் இரண்டிலும் 6. செம்பு இரட்டித்தது களிமண் கூடியதால்தான், சுரங்கத்தால் அல்ல. ஆனால் ஆய்வகத்தில் வண்டலைக் கரைக்கும் அமிலக் கலவையான இராஜ திராவகம், களிமண் போன்ற சிலிக்கேட் கனிமங்களில் உள்ள அலுமினியத்தை முழுதாகக் கரைக்காது. இந்த விகிதம் நிற்க வேண்டுமானால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்த முழுக் கரைப்பு தேவை.

இதற்கு நேர்மாறான பிழைதான் எனக்குப் பெரிய கவலை. ஆண்டுக்கு 1,000 டன் வண்டலில் கிலோவுக்கு 200 மி.கி. இருந்தால் 200 கிலோ உலோகம் கீழே போகிறது. சரிவு அரிபட்டு 5,000 டன் வண்டல் வந்து, செறிவு 100 ஆகக் குறைந்தால் போவது 500 கிலோ! அறிக்கையில் ஓடை பாதி சுத்தமாகியிருக்கும். கீழேயுள்ள வயலுக்கும் மீனுக்கும் இரண்டரை மடங்கு போய்ச் சேர்ந்திருக்கும். பப்புவா நியூ கினியின் ஓக் டெடி செம்புச் சுரங்கத்தில் 1984இல் நிலச்சரிவு கழிவு அணைப் பணியை அழித்தது. பிறகு கழிவு நேரே ஆற்றுக்கே போனது. அங்கே செம்பு மட்டுமல்ல, வண்டலின் அளவே ஆற்றுப் படுகையை உயர்த்தி, வெள்ளம் தேங்கிக் கரைக்காடுகளைச் சாகடித்தது.

எனவே செறிவோடு சுமையையும், அதாவது மொத்தமாகக் கீழே போகும் உலோகத்தின் அளவையும், அளக்க வேண்டும். சுமையின் பெரும்பகுதி சில மழை நாட்களில் ஓடிவிடும். மாதம் ஒரு பாட்டில் எடுப்பவருக்கு அது அகப்படாது. நீர் ஏறும்போதே எடுக்கத் தொடங்குங்கள். பெரும்பாலும் நீர் உச்சத்தைத் தொடும் முன்பே கலங்கல் தன் உச்சத்தைக் கடந்துவிடும்.