ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் விடுவதில்லை

வணக்கம், எல்லோரும் நல்லா இருக்கிறீர்களா? பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்கவில்லையே என்று நினைப்பீர்கள். மணி இரண்டேகால். எங்கள் கடையில் இரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை மெஷின் ஓடாது. என்னோடு வேலை செய்யும் அக்காக்கள் இரண்டு பேரும் உள்ளே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அதனால் மெதுவாகப் பேசுகிறேன், ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் அக்கா மகள் போன் செய்தாள். ஒரு ஜவுளிக் கடையில் புடவை செக்‌ஷனில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. "சித்தி, கவுன்ட்டர் பின்னாடி ஸ்டூல் போட்டிருக்காங்க. உட்கார்ந்தா சூப்பர்வைசர் முறைக்கிறாரு. அப்புறம் ஸ்டூல் எதுக்கு?" என்று கேட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

தையல் கடை வைப்பதற்கு முன்னால் ஆறு வருஷம் தி.நகரில் நானும் அதே வேலைதான் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் இறங்குவோம். எங்களுக்கு ஸ்டூலும் கிடையாது. தூணில் சாய்ந்தாலே குரல் வரும். அதனால் ஒரு வழி வைத்திருந்தோம். கீழ் ராக்கில் புடவை தேடுவது போலக் குனிந்து, அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவோம். பக்கத்தில் ஒருத்தி நின்று பார்த்துக்கொள்வாள். சூப்பர்வைசர் திரும்பினால் வளையலை ஒரு தட்டு தட்டுவாள், எழுந்துவிட வேண்டும். இரண்டு நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்துக்காக மத்தியானத்திலிருந்து காத்திருப்போம்.

நிற்க வைத்தால்தான் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்று முதலாளிகள் நம்புகிறார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை. காலையில் ஒரு கஸ்டமர் "மாம்பழக் கலர், அரக்கு பார்டர்" என்று சொன்னால், எந்த ராக்கில் எத்தனையாவது புடவை என்று கை தானாகப் போகும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அதே வார்த்தை காதில் விழும், மனசில் ஏறாது. வேறு எதையோ எடுத்துப் பிரிப்பேன். அவர்களும் சலித்துப்போய் எழுந்து போய்விடுவார்கள். பிரித்துப் போட்ட நாற்பது புடவையையும் மடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். இதில் கடைக்கு என்ன லாபம்?

காலில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதம் வரைக்கும் இறங்கிய ரத்தம் மறுபடி மேலே ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கித்தான் அதைத் தள்ளிவிடுகிறது, கீழே திரும்பி வராமல் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. நடந்தால் தசை வேலை செய்யும். ஒரே இடத்தில் நின்றால் செய்யாது, ரத்தம் கீழேயே தேங்கும். வருஷக்கணக்கில் இப்படி நிற்பவர்களுக்கு வால்வு தளர்ந்து குழாய்கள் புடைத்துக்கொள்ளலாம். நரம்பு சுருட்டல் என்கிறோமே, அதுதான். எங்கள் செக்‌ஷனில் முப்பது வயது தாண்டாத ஒருத்திக்குக் கால் முழுக்க நீலமாக இருந்தது. புடவையைக் கணுக்கால் மறைய இறக்கிக் கட்டுவாள்.

இதற்குச் சட்டம் இருக்கிறது, தெரியுமா? 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே, நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் கொடு என்று 44-ஆம் பிரிவு இருந்தது. ஆனால் அது தொழிற்சாலைக்குத்தான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டுத்தான் போராட ஆரம்பித்தார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். பெண்கூட்டு என்ற அமைப்பைக் கட்டிய விஜியும் தையல் வேலை செய்தவர்தான். அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. 2018-இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. இருக்கை போடுவது மட்டும் இல்லை, கவனியுங்கள், உட்காருவதற்காகத்தான் அந்தச் சட்டமே.

கடை ஆரம்பித்த முதல் தீபாவளிக்கு நானும் தப்பு செய்தேன். ஆர்டர் குவிந்துவிட்டது, மத்தியானப் படுக்கையை நிறுத்திவிட்டேன். நான்காம் நாள் சாயங்காலம் ஒரு பட்டு பிளவுஸுக்கு அக்கா இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டார். பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவர், கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. மறுநாளே பாயை விரித்தோம். அதற்குப் பிறகு எந்த சீசனிலும் நிறுத்தியதில்லை, சொன்ன தேதியில் துணியும் போய்ச் சேருகிறது.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். துணி எடுக்கப் போகும்போது, யோசிக்கப் பத்து நிமிஷம் ஆகும் என்றால், எதிரில் நிற்கிற பெண்ணிடம் "உட்காரும்மா, நாங்க பார்த்துட்டுச் சொல்றோம்" என்று சூப்பர்வைசர் காதில் விழச் சொல்லுங்கள். கஸ்டமர் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

அக்கா மகளுக்கு 22-ஏ பற்றி எழுதி அனுப்பினேன். அவள் செக்‌ஷனில் ஐந்து பேர். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு என்பதால் அன்றைக்கு முறை வைத்து உட்காரப் போகிறார்களாம். என்ன ஆயிற்று என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன். அக்கா எழுந்துவிட்டார், மெஷின் சத்தம் கேட்கிறதா? வரட்டுமா?