ஆற்றைத் தொலைத்த பாலம்

வணக்கம். ஐஸ்லாந்தில் கோடைப் பயணம் பற்றி வானொலியில் பேச அழைத்தார்கள். எரிமலை, பனியாறு, வெந்நீர் ஊற்று என்று வரிசையாகக் குறித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஆனால் பாலம் கட்டும் வேலையில் முப்பது வருடம் கழித்தவனுக்கு எங்கே போனாலும் கண் பாலத்தில்தான் போய் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடை என்றாலும் வெயிலை எதிர்பார்க்காதீர்கள். ஜூலைப் பகலிலேயே பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிதான். அங்கே கோடை என்பது வெளிச்சம். ஜூன் பிற்பகுதியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவு தாண்டி மறைந்து, மூன்று மணிக்குள் திரும்பிவிடுகிறது. முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு என் மனைவி, "சாயங்காலம் ஒரு நடை போய் வரலாமா?" என்று கேட்டாள்.

நாட்டைச் சுற்றி வர ஒரே சாலை, எண் 1. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். இந்த வட்டம் முழுமையானது 1974இல்தான். தெற்கே ஸ்கெய்தரா என்ற ஆறு பாயும் மணல்வெளி மட்டும் அதுவரை விடுபட்டிருந்தது. ஆற்றில் இறங்கப் பழகிய குதிரைகளை வைத்துக் கடந்த இடம் அது. அங்கே 880 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். நாட்டிலேயே நீளமான பாலம், ஆனால் ஒரு வண்டி போகும் அகலம்தான்.

ஏன் அவ்வளவு காலம் தயங்கினார்கள்? மேலே வட்னயோகுல் என்ற பனிப்பாளம் இருக்கிறது. நாட்டின் பரப்பில் சுமார் 8 சதவீதம். அதன் அடியில் எரிமலைகள். படம் வரைந்து காட்ட வானொலியில் வழியில்லை, அதனால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். சூடான தோசைக்கல்லில் ஒரு ஐஸ் கட்டியை வைத்தால், அடியில் நீர் கோத்துக் கட்டி வழுக்குகிறதல்லவா? அதேதான். அடியில் சேர்ந்த நீர் ஒரு நாள் பனியையே தூக்கிவிட்டு வெளியே பாயும்.

1996 செப்டம்பர் கடைசியில் பனிக்கு அடியில் எரிமலை வெடித்தது. நீர் உடனே வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஊரே காத்திருந்தது. நவம்பர் 5ஆம் தேதி வந்தது பாருங்கள்! உச்சத்தில் வினாடிக்குச் சுமார் 50,000 கனமீட்டர். நம் செய்தியறிக்கைக் கணக்கில் 17 லட்சம் கன அடிக்கும் மேல். வீடு அளவுப் பனிக்கட்டிகள் மிதந்து வந்து மோதின. பக்கத்து ஆற்றின் பாலம் அடியோடு போயிற்று, இந்த நீளப் பாலத்துக்கும் பலத்த சேதம். உயிரிழப்பு மட்டும் இல்லை. காத்திருக்கத் தெரிந்தவர்கள். முறுக்கிய வேட்டி போல ஆகிவிட்ட இரும்பு உத்தரங்களைச் சாலையோரத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நான் அரை மணி நேரம் நின்றேன். பேருந்தில் இருந்தவர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள்.

கதை அதோடு முடியவில்லை. பாலத்தைச் சரிசெய்தார்கள். ஆனால் பனியாறு உருகிப் பின்வாங்கிக்கொண்டே போனதில், 2009இல் ஸ்கெய்தரா திசை மாறி மேற்கே வேறோர் ஆற்றில் கலந்துவிட்டது. வெள்ளத்துக்குத் தாக்குப்பிடித்த பாலத்தின் கீழே இப்போது ஆறு இல்லை! மிச்சமிருக்கும் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாலம் கட்டி, 2017 முதல் வண்டிகள் அதில் போகின்றன. எவ்வளவு பெரிய வெள்ளத்துக்குக் கட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். ஆறே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு நாளும் கணக்குப் போட்டதில்லை.

பயணிகளுக்கு ஒன்று சொல்கிறேன். நாட்டின் உட்பகுதியில் உள்ள மலைப்பாதைகள் பெரும்பாலும் ஜூன் கடைசியில்தான் திறக்கும். அங்கே பல ஆறுகளுக்குப் பாலமே கிடையாது, தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். பனியாற்று நீர் காலையில் குறைவு. வெயில் ஏறப் பனி உருகி, மாலையில் பெருகும். காலையில் முழங்காலளவு பார்த்த ஆறுதானே என்று மாலையில் சிறிய காரை இறக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், காலையில் கடந்துவிடுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுத் தம்பி, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார். வெந்நீர் ஊற்றுகளுக்கு வரவே இல்லையே! சரி, வடக்கே மீவட்ன் ஏரிக்குப் போனால், மண்ணின் சூட்டிலேயே ஒரு நாள் முழுக்கப் புதைத்து வேகவைத்த, ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி கிடைக்கும். நிறம் கருப்பு, லேசான இனிப்பு. வெண்ணெய் தடவிச் சாப்பிடுங்கள். அந்த ஏரியின் பெயருக்கே கொசு மாதிரியான குட்டிப் பூச்சிகளின் ஏரி என்றுதான் பொருள், ஆகவே முகத்துக்கு வலை கொண்டுபோக... ஒரு விரல் ஆகிவிட்டது. வணக்கம்.